பெயர் விளக்கமும் ஒரு கருதுகோளே

‘ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு.’ சுற்றுலாக் கையேடுகளில் இவ்விளக்கத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே ஏரி இருக்கிறது, காடும் இருக்கிறது, மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. மெய்யென நிறுவப்படுவது வேறு. இயற்பியலில் கருதுகோளைச் சோதிப்பது போல இதையும் சோதித்துப் பார்ப்போம்.

முதற்சோதனை எழுத்து. ஏரியும் காடும் புணர்ந்தால் ‘ஏரிக்காடு’ என்றாகும். ஊர்ப்பெயரிலோ வல்லின றகரம் நிற்கிறது. கல்லும் கண்டும் சேர்ந்து ‘கற்கண்டு’ ஆகும்போது லகரம் றகரமாகத் திரிகிறது. நீரும் குமிழியும் சேர்ந்த ‘நீர்க்குமிழி’யில் ரகரம் திரியவில்லை. அப்படியானால் ஏரியின் ரகரம் மட்டும் றகரமானது எவ்வாறு? கையேடுகள் இதற்கு விடை கூறுவதில்லை.

அடுத்த சோதனை காலம். மலையூர் ஏரிகள் யாவும் தொன்மையானவை அல்ல. உதகை ஏரி 1820களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் அமைக்கப்பட்டது. எனவே, ஏரியால் பெயர் வந்தது என்பவர், பெயருக்கு முன்பே ஏரி இருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். ‘ஏழு காடு’ என்பதே ஏற்காடாயிற்று என்பாரும் உளர். இரண்டு கதைகள் ஒரு பெயருக்கு ஒன்றுபோலப் பொருந்துமானால், பொருத்தம் மட்டுமே சான்றாகிவிடாது அன்றோ?

சான்றுள்ள பெயர் எப்படி இருக்கும்? இம்மலையின் பாறையையே பாருங்கள். பெரும்பகுதி சார்னோக்கைட். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த புவியியலறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். பெயரிட்டவர், ஆண்டு, காரணம் ஆகிய மூன்றும் எழுத்தில் உள்ளன.

எழுத்துச் சான்று இல்லாத பெயர்களுக்கு மக்கள் வழக்கே தடயம். ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மலையுச்சியில் சேர்வராயன் கோயில் உள்ளது. தெய்வத்திற்கும் மலைக்கும் ஒரே பெயர். ஆங்கிலேயர் நாவில் அது ‘ஷெவராய்’ ஆயிற்று. அவர்கள் திரித்தது போகட்டும்; நம் தமிழ் நூல்களே ‘ஷெவராய் குன்றுகள்’ என்று எழுதுவதுதான் வருந்தத்தக்கது. அளவீட்டை மாற்றி எழுதினால் சோதனை கெடும். பெயரை மாற்றி எழுதினாலும் தடயம் அழியும்.

மாணவர்களே, இனி எந்த ஊரின் பெயர் விளக்கத்தைக் கேட்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எழுத்து இடங்கொடுக்கிறதா? காலம் ஒத்துவருகிறதா? அவ்வூர் மக்கள் எப்படி அழைக்கிறார்கள்? இம்மூன்றிலும் தேறிய விளக்கத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள்.