எழும்பூரில் ஒரு ஞாயிறு

கணவனும் மனைவியுமாக ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று கேட்பவர்களிடம் நான் மால் பெயரைச் சொல்வதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். 1851இல் தொடங்கியது. நேராகச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய்விடுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கே நிற்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒன்றுதான். "இதிலும் எங்களுக்குக் குறைச்சலா?" என்பாள் என் மனைவி. ஆனால் அந்த ஒற்றைக் கையின் குழைவையும் இடுப்பின் ஒசிவையும் பார்த்தால், சிற்பி யார் பக்கம் சாய்ந்தான் என்பது தெரிந்துவிடும். சுற்றிவந்து பார்க்க வேண்டிய சிற்பம் அது. செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

அதே வளாகத்தில் மியூசியம் தியேட்டர், 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நாடகம் இருந்தால் சாயங்காலமும் அங்கேயே கழிந்துவிடும்.

பிறகு திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948 முதல் இருக்கும் கடை. இங்கே சாம்பார் இட்லிக்குத் துணையல்ல, இட்லிதான் சாம்பாருக்குத் துணை. மூழ்க மூழ்க ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். ஸ்பூனால் சாப்பிடுவதில் வெட்கமில்லை.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.