அலையைத் திருத்தினார்கள், கப்பலை மறந்தார்கள்

நியூயார்க்கிலிருந்து ஏதென்ஸுக்குப் போகும் பழைய பயணிக் கப்பல் ஒன்று. அதுவே அதன் கடைசிப் பயணம். போய்ச் சேர்ந்ததும் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடுவார்கள். புத்தாண்டு இரவு. விருந்து மண்டபத்தில் ஆட்டமும் பாட்டும். கிரீட் தீவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்படுகிறது. அதிலிருந்து கிளம்பிய பேரலை பக்கவாட்டில் மோத, கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது. தரை கூரையாகிறது, கூரை தரையாகிறது. உயிர் பிழைக்க வேண்டுமானால் மேலே, அதாவது கப்பலின் அடிப்பாகத்தை நோக்கி, ஏற வேண்டும்.

பால் காலிகோ 1969-இல் எழுதிய நாவலைக் கொண்டு, இர்வின் ஆலன் தயாரிப்பில் ரொனால்ட் நீம் இயக்கி 1972-இல் வெளிவந்த ‘தி பொசைடன் அட்வென்ச்சர்’ படத்தின் கதை இது. 2005-இல் தொலைக்காட்சிக்காக இதை மீண்டும் எடுத்தவர்கள் அலையை விட்டுவிட்டு வெடிகுண்டு வைத்தார்கள். அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. 2006-இல் வுல்ஃப்காங் பீட்டர்சன் சுமார் 16 கோடி டாலர் செலவில் எடுத்த ‘பொசைடன்’ படம்தான் நம் கவனத்துக்குரியது. 1981-இல் ‘டாஸ் போட்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் படத்தை எடுத்தவர் அவர். நீரின் அழுத்தம் மனிதனை என்ன செய்யும் என்பதைத் திரையில் காட்டத் தெரிந்தவர்.

முதலில் அலையைப் பார்ப்போம். பழைய படத்தில் நிலநடுக்கத்தால் பிறந்த ஆழிப்பேரலை நடுக்கடலில் மலைபோல் எழுந்து வருகிறது. இது பிழை. ஆழிப்பேரலையின் வேகத்தைக் காண, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஆழம் 2,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏறத்தாழ 158 மீட்டர், அதாவது மணிக்கு 570 கிலோமீட்டர் வருகிறது. இரு முகடுகளுக்கு இடையே கால் மணி நேரம் என்றால் அலைநீளம் 140 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை நீண்ட அலை ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். கப்பல் பல நிமிடங்களில் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழும். மேசை மீதுள்ள கோப்பையில் தேநீர் தளும்பாது. 2004 டிசம்பர் 26 அன்று இந்துமாக் கடலைக் கடந்த ஆழிப்பேரலையைச் செயற்கைக்கோள் அளந்தபோது, நடுக்கடலில் அதன் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். அதே அலைதான் நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கரையருகே ஆழம் குறையும்போதுதான் அது எழும்பும். இந்தக் கணக்கு 1972-இலும் தெரிந்ததே. ஆகவே படம் எடுத்தவர்களுக்குச் சாக்கு இல்லை.

பீட்டர்சன் இதைத் திருத்தினார். அவருடைய படத்தில் வருவது வட அட்லாண்டிக்கில் திடீரென்று எழும் தனி ராட்சத அலை. மாலுமிகள் இதைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். விஞ்ஞானிகளில் பலர் நம்பத் தயங்கினார்கள். 1995 ஜனவரி 1 அன்று, புத்தாண்டு நாளிலேயே, வட கடலில் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தது. அப்போது சுற்றியிருந்த பெரிய அலைகளின் உயரம் சுமார் 12 மீட்டர் மட்டுமே. எனவே புதிய படத்தின் அலைக்குச் சான்று உண்டு. அது எழுந்து வரும் காட்சியும் அருமை.

ஆனால் அலை மட்டுமே கப்பலைக் கவிழ்த்துவிடுமா? 1942-இல் படைவீரர்களை ஏற்றிச் சென்ற ‘குயின் மேரி’ ஒரு பேரலையால் 52 பாகை அளவுக்குச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது என்பார்கள். சாய்ந்த கப்பலை எது நிமிர்த்துகிறது? கப்பல் சாயும்போது மிதப்பு விசை செயல்படும் புள்ளி சாய்ந்த பக்கம் நகர்கிறது. எடையோ ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரு விசைகளும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்துகின்றன. ஈர்ப்பு மையம் உயர உயர இந்தத் திருப்புவிசை குறையும். மேற்பாரம் மிகுந்த கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக மீளும். பயணிகளுக்கு அது சுகமாகத் தோன்றும். அனுபவமுள்ள கேப்டனுக்கு அதுதான் அச்சம் தரும்.

1972 படம் இதைச் சரியாகப் பிடித்திருந்தது. அலை வருமுன்னரே கேப்டன், கப்பலுக்கு மேற்பாரம் அதிகம், அடித்தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டும் என்கிறார். நீர் நிரப்பினால் ஈர்ப்பு மையம் தாழும்; ஆனால் நேரம் ஆகும். முதலாளியின் பிரதிநிதி மறுக்கிறார். தாமதமானால் பணம் நஷ்டம், முழு வேகத்தில் போ என்கிறார். ஓரிரு நிமிட உரையாடல்தான். ஆனாலும் பிறகு நூற்றுக்கணக்கானோர் நீரில் விழும்போது, இது கடலின் குற்றம் மட்டுமல்ல என்று நமக்குத் தெரிகிறது. இப்படி நடந்ததும் உண்டு. 1915-இல் சிகாகோவில் துறையில் கட்டியிருந்த ‘ஈஸ்ட்லண்ட்’ மேற்பாரத்தால் கவிழ்ந்து 844 பேர் மாண்டார்கள். அங்கே அலையே இல்லை!

புதிய படத்தில் இந்த உரையாடல் இல்லை. கப்பல் புத்தம் புதியது, குறையற்றது. அலை வந்தது, கவிழ்ந்தது. விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. சரியான அலையைக் கொண்டுவந்தவர்கள், கப்பல் ஏன் கவிழ்ந்தது என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது சிறுவன் விஷயம். பழைய படத்தில் ராபின் என்ற பையன் பயணத்தின்போது கப்பலைச் சுற்றிப் பார்த்து, கேள்வி கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறான். உந்துசுழலியின் தண்டு இருக்கும் இடத்தில் கப்பலின் தகடு ஓர் அங்குலப் பருமன்தான் என்று சொல்பவன் அவனே. பாதிரியாராக வரும் ஜீன் ஹாக்மன் அதை நம்பிப் பின்பக்கம் நோக்கிக் கூட்டத்தை நடத்துகிறார். ‘இங்கேயே இருங்கள், உதவி வரும்’ என்ற அதிகாரியை நம்பியவர்கள் மூழ்கினார்கள். கப்பல் மருத்துவரோடு முன்பக்கம் போனவர்களும் பிழைக்கவில்லை. புதிய படத்திலும் ஒரு சிறுவன் உண்டு. அவன் செய்வதெல்லாம் கம்பிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பெரியவர்கள் வந்து காப்பாற்றக் காத்திருப்பதுதான்.

பீட்டர்சனின் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. குறுகிய காற்றுக் குழாயில் அனைவரும் நெருக்கியடித்து நிற்க, கீழிருந்து நீர் ஏற, மேலே வலைக்கதவின் திருகாணி சுழல மறுக்கும் காட்சியில் நமக்கே மூச்சு முட்டுகிறது. ஆனால் முடிவில், கவிழ்ந்த கப்பலில் உந்துசுழலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன! தலைகீழானால் எஞ்சினின் மசகு எண்ணெய் தொட்டியை விட்டு வெளியேறும். பம்பு காற்றை உறிஞ்சும். எண்ணெய் அழுத்தம் குறைந்தவுடன் எஞ்சின் தானே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள்.

என் வகுப்பில் காட்டுவதானால் பழைய படத்தைத்தான் காட்டுவேன். அலையின் பிழையை மாணவர்களே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கட்டும். இன்னொரு பிழையும் அவர்களுக்காக அதில் காத்திருக்கிறது. கடைசியில் மீட்புப் படையினர் தகட்டை வெட்டி ஆறு பேரை வெளியே எடுக்கிறார்கள். உள்ளே நீரைத் தடுத்து வைத்திருப்பது அடைபட்ட காற்றுதானே? துளை விழுந்தால் அது சும்மா இருக்குமா? 1941-இல் பேர்ல் துறைமுகத்தில் கவிழ்ந்த ‘ஓக்லஹோமா’ போர்க்கப்பலின் அடித்தகட்டை வெட்டி 32 பேரை மீட்டபோது, காற்று சீறி வெளியேறியது. உள்ளே நீர் ஏறத் தொடங்கியது. மீட்பவர்கள் அந்த நீரோடு போட்டியிட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை யாராவது இக்கதையைப் பெரிய திரைக்கு எடுப்பதானால், அந்தத் துளையிலிருந்து தொடங்கலாம்.