எட்வின் மார்கன்: பெயர் சொல்லாத காதலும் பெயர் சொன்ன முதுமையும்

எட்வின் மார்கன் (ஏப்ரல் 27, 1920 – ஆகஸ்ட் 2010) ஸ்காட்லாந்துக் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், பேராசிரியர். 'மக்கர்' எனப்படும் ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் பொறுப்பை 2004இல் முதன்முதலாக ஏற்றவர். தாம் தன்பாலீர்ப்பினர் என்பதைத் தமது எழுபதாம் வயதில், 1990இல், வெளிப்படையாக அறிவித்தார். அதற்கு முன் எழுதிய காதல் கவிதைகளில், காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதை அவர் பெரும்பாலும் சொல்லவில்லை. அந்த மறைப்பு கவிதைக்கு ஆக்கம் தந்ததா, கேடு செய்ததா என்பது அவரைப் படிப்போர் இன்றும் எதிர்கொள்ளும் கேள்வி.

வாழ்க்கை

மார்கன் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. குடும்பம் சமயப்பற்று மிக்கது. 1937இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த விரும்பாமல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து எகிப்து, பாலஸ்தீனம், லெபனான் ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1947 முதல் 1980 வரை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்தார். ஹங்கேரியக் கவிஞர்களையும் மொழிபெயர்த்தார்.

1963இல் ஜான் ஸ்காட் என்பவரைச் சந்தித்தார். 1978இல் ஸ்காட் இறக்கும் வரை நீடித்த உறவு அது. இருவரும் ஒரே வீட்டில் வாழவில்லை. அன்று அந்த உறவு சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இலேயே சட்டம் தளர்ந்தது. ஸ்காட்லாந்தில் 1980இல்தான் மாற்றச் சட்டம் நிறைவேறியது. மார்கன் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டுதான். அதாவது, ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகவே வாழ்ந்தார். உண்மை தெரிந்தால் வேலை போகும், சிறை செல்லவும் நேரும்.

'நீ' என்னும் சொல்

1968இல் வெளிவந்த 'தி செகண்ட் லைஃப்' (இரண்டாம் வாழ்வு) தொகுப்பே மார்கனுக்குப் பெரும்புகழ் தந்தது. அதிலுள்ள 'ஸ்ட்ராபெரீஸ்' என்ற கவிதையில், இருவர் ஒரு கோடைநாளில் சன்னலருகே எதிரெதிராக அமர்ந்து பழம் தின்கிறார்கள். ஒருவர் மற்றவரை முன்னிலையில் அழைக்கிறார். அங்கே பெயரோ, பாலைக் காட்டும் சொல்லோ கிடையாது.

ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் பால் காட்டாது. தமிழின் 'நீ'யும் அப்படியே. ஆகவே இக்கவிதையைத் தமிழாக்குபவர் 'அவன்', 'அவள்' என்ற சிக்கலில் மாட்டமாட்டார். 'நீ'யா, 'நீங்கள்'ளா என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். நெருக்கத்தைக் காட்ட 'நீ' ஒன்றே பொருந்தும்.

தமிழ் மாணவர்களுக்கு இங்கே அகத்திணை மரபு நினைவுக்கு வரலாம். அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்வதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடலில் பெயர் மறைந்தாலும் தலைவன், தலைவி என்ற பால் தெளிவாக இருக்கும். மார்கனிடம் பாலே மறைகிறது. அகப்பாடலின் மறைப்பு புலவர்கள் ஏற்றுக்கொண்ட மரபு. மார்கனின் மறைப்போ அச்சத்திலிருந்து பிறந்தது.

மறைப்பு நன்மையா?

பால் குறிப்பிடப்படாததால்தான் இக்கவிதைகள் எல்லோருக்கும் உரியவை ஆயின என்ற வாதம் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த வாசகரும் அந்தச் சன்னலருகே தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் இந்த வாதத்தை முழுமையாக ஏற்றால், கொடுஞ்சட்டம் கவிதைக்கு உதவியது என்று சொல்லவேண்டி வரும். ஆணும் பெண்ணும் காதலிக்கும் கவிதை பொதுவானது, இரு ஆண்களின் காதல் கவிதை தனிப்பட்டது என்ற தப்பெண்ணமும் அதனுள் ஒளிந்திருக்கிறது.

அதே தொகுப்பிலுள்ள 'கிளாஸ்கோ கிரீன்' என்ற கவிதை இந்த வாதத்துக்கு மறுப்பாக நிற்கிறது. இரவு நேரப் பூங்காவில் ஆண்களிடையே நிகழும் வேட்கையையும் வன்முறையையும் அது நேராகக் காட்டுகிறது. இன்பத்தைப் பாடும்போது பாலை மறைத்தவர், துன்பத்தைப் பாடும்போது திரையை விலக்கினார். மறைப்பு வெறும் அழகியல் தேர்வாக இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது. மகிழ்ச்சியை வெளிப்படையாகச் சொல்ல அன்று இடமில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

எழுபதில் அறிவிப்பு

சட்டம் மாறிய பின்னும் மார்கன் பத்தாண்டுகள் காத்திருந்தார். விருதும் புகழும் வந்த பிறகு பேசுவது எளிது என்று இதைக் குறைத்து மதிப்பிடலாம். ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். 1988இல் 'பிரிவு 28' என்ற சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை' அது தடுத்தது. பள்ளி ஆசிரியர்கள் இதைப் பற்றிப் பேசவே அஞ்சினர். மார்கனின் கவிதைகளோ பள்ளிகளில் படிக்கப்பட்டவை. அச்சம் மீண்டும் வளர்ந்த அந்த நாளில்தான் அவர் பேசினார்.

2000ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் இப்பிரிவை நீக்கும் முயற்சி எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு செல்வந்தர் தம் செலவில் நாடு தழுவிய அஞ்சல் வாக்கெடுப்பே நடத்தினார். எண்பது வயது மார்கன் நீக்கத்துக்கு ஆதரவாகப் பொதுவெளியில் நின்றார். அவ்வாண்டே ஸ்காட்லாந்தில் பிரிவு நீங்கியது. இங்கிலாந்தில் 2003 வரை நீடித்தது. மார்கன் ஊர்வலங்களில் முழங்கிய போராளி அல்லர். பாடநூலில் இடம்பெற்ற ஒரு முதியவர் 'நான் இத்தகையவன்' என்று சொன்னதே அவருடைய போராட்டம்.

முதுமைக் கவிதைகள்

1999இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பின் அவர் எழுதியவை குறைவில்லை. 2003இல் வந்த 'லவ் அண்ட் எ லைஃப்' நூலில் தாம் நேசித்தவர்களின் பெயர்களையே சொல்கிறார். முன்பு 'நீ' என்று மட்டும் இருந்த இடத்தில் இப்போது மனிதர்கள் வருகிறார்கள். ஒரே இயைபு அமைப்பைத் தொடர்ந்து பின்பற்றுவதால் சில இடங்களில் சொற்கள் இயைபுக்காக இழுக்கப்படுகின்றன. இளமைக் கவிதைகளின் கட்டிறுக்கம் இங்கே குறைவு. எனினும், ஆசை முதுமையில் அவிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை இந்நூல் மறுக்கிறது.

2007இல் வந்த 'எ புக் ஆஃப் லைவ்ஸ்' தொகுப்பில் புற்றணுவும் நல்ல அணுவும் உரையாடும் கவிதை ஒன்று உண்டு. புற்றணுவுக்கும் வாதாடும் உரிமையை மார்கன் கொடுக்கிறார். தம்மைக் கொல்ல வந்ததையும் பேசவிட்டுக் கேட்கும் இந்த ஆர்வமே அவருடைய உலகப்பார்வை. சுயஇரக்கம் அதில் இல்லை.

2004 அக்டோபரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்கு அவர் எழுதிய கவிதையை, உடல்நலக் குறைவால் அவரால் வாசிக்க இயலவில்லை. கவிஞர் லிஸ் லாக்ஹெட் வாசித்தார். ஒருகாலத்தில் அவரைக் குற்றவாளியாகக் கருதிய நாடு, தன் சட்டமன்றத்தைத் திறக்க அவர் சொற்களை நாடியது.

மதிப்பீடு

மார்கனின் காதல் கவிதைகளை இன்று இருமுறை படிக்கவேண்டும். முதலில் யாருடைய காதல் என்று கேளாமல் படிக்கலாம். கவிதை அதற்கு இடம் தருகிறது. பிறகு, அது ஏன் சொல்லப்படவில்லை என்று அறிந்து படிக்கவேண்டும். இரண்டாம் வாசிப்பில் அந்த எளிய 'நீ' கனமாகிறது. வகுப்பறையில் முதல் வாசிப்போடு நிறுத்திக்கொள்வது, எழுபது வயதில் அவர் திறந்த கதவை மறுபடி சாத்துவதாகும்.