‘ஆள்’ என்னும் சொல்

சுவிட்சர்லாந்து நாட்டு எழுத்தாளர் மாக்ஸ் பிரிஷ் 1965இல் ஒரு நூலுக்கு முன்னுரை வரைந்தார். அந்நாட்டில் உழைத்த இத்தாலியருடன் நிகழ்த்திய உரையாடல்களின் தொகுப்பு அது. அம்முன்னுரை வாசகம் ஒன்று இன்றும் பலராலும் எடுத்தாளப்படுகிறது. உழைப்பாற்றலை வேண்டியழைத்த நாடு, மனிதர் வந்து நிற்கக் கண்டு மிரள்கிறது என்பது அதன் கருத்து.

இதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் இடர்ப்படுவர். ‘தொழிலாளர்’ என்றால் அச்சொல்லிலேயே மனிதர் வந்துவிடுகின்றனர், முரண் மாய்ந்துவிடும். நம் தோட்ட வழக்கோ இன்னும் விந்தையானது. கங்காணி ஊரில் ஆள் சேர்த்தார். பெரட்டில் ஆள் எண்ணினார்கள். ‘அவர் நல்ல ஆள்’ என்றும் சொல்கிறோம். கணக்கும் மனிதனும் நமக்கு ஒரே சொல்.

பிரிஷ் தம் நாட்டாரை எள்ளியே எழுதினார். ஆயினும் பேசும் வாய் அழைத்தவருடையது. வந்தவர்க்குத் தாம் மனிதர் என்பதில் என்றும் ஐயமில்லை. பருவ உரிமத்தில் வந்தோர் ஆண்டுக்கு ஒன்பது திங்கள் உழைக்கலாம். மனைவி மக்களை உடன் வைத்திருத்தல் கூடாது. மீறிக் கொணர்ந்தோர் பிள்ளைகளை வீட்டினுள் ஒளித்து வைத்தனர். உரக்க அழவும் கூடாத பிள்ளைகள். பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறாத பிள்ளைகள். ஆசிரியனாகிய என்னால் இவ்விடத்தை எளிதிற் கடக்க இயலவில்லை.

அந்த மிரட்சியை வாக்காக்க முனைந்தவர் ஜேம்ஸ் சுவார்சன்பாக். ஆலையதிபர் குடும்பத்தில் பிறந்தும், பெருமுதலாளிகளுக்கு எதிரே சாமானியர் குரலாகத் தம்மை நிறுத்திக்கொண்டார். அயலார் தொகை மாநிலந்தோறும் நூற்றுக்கு 10, ஜெனீவாவில் மட்டும் 25, அதற்கு மிகலாகாது என்றார். அது நிறைவேறியிருப்பின் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற நேர்ந்திருக்கும். பெருங்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் எதிர்த்தனர். 1970 ஜூன் 7ஆம் நாள் அது தோற்றது. எனினும் 46 விழுக்காட்டினர் ஆதரித்திருந்தனர். வாக்களித்தோர் ஆடவர் மட்டுமே. அந்நாட்டுப் பெண்டிர்க்கே கூட்டாட்சி வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. அழைத்த ‘நாம்’ எத்துணைச் சிறியது!

நம் பக்கம் வருவோம். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமே. “புது ஆள் வந்திருக்கு, நம்ம வேலை போச்சு” என்று நம்மவர் சொல்லக் கேட்கிறேன். சொல்பவரின் பாட்டனாரும் பெரட்டில் எண்ணப்பட்டவரே. ஆதலின் தமிழாக்குவோர் அழைப்புக்கும் வருகைக்கும் ‘ஆள்’ என்ற ஒரே சொல்லை இருமுறையும் இடுக என்பேன். எது கணக்கு, எது மனிதர் என்று படிப்பவர் சற்றே தயங்கட்டும்.