எந்தச் சில்லைக் கொடுத்தாலும் அதே பாட்டு

கருப்பு வெள்ளையில் ஒரு படம். நிறம் கிடையாது, முகம் கிடையாது, வெறும் நிழலுருவங்கள். ஒருத்தி ஆப்பிளைத் தூக்கிப் போடுகிறாள், இன்னொருத்தி பிடிக்கிறாள். பிடித்தவள் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறாள். இப்படியே ஆள் மாறி ஆள் மாறி 3 நிமிடம் 39 விநாடி ஓடும். பெயர் 'பேட் ஆப்பிள்'. பொழுதுபோக்காகக் கோடிங் செய்கிறவர்களிடம் புதிதாக ஒரு கருவி கிடைத்தால், அதில் இந்தப் படத்தை ஓட்டிக் காட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ஆசிலோஸ்கோப்பில் ஓட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கிராஃபிங் கால்குலேட்டரில் ஓட்டியிருக்கிறார்கள். 1982இல் வந்த கமடோர் 64இல் ஓட்டியிருக்கிறார்கள். எக்செல் கட்டங்களுக்குக் கருப்படித்தும் ஓட்டியிருக்கிறார்கள். நானும் ஓட்டினேன். அந்தக் கதை பிறகு.

இந்த ரக ஆட்களிடம் வேறு என்ன பிடிக்கும் என்று கேட்டால், ஊர் எதுவானாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அனிமே பார்ப்பேன், கோட் எழுதுவேன், ராக் கேட்பேன். தனிமை விரும்பிகள், ராத்திரி விழித்திருப்பவர்கள், அதனால்தான் இந்த மூன்றும் ஒட்டிக்கொண்டன என்று சுலபமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த மூன்றையும் ஒரே வீட்டில் வளர்த்தவர்கள் ஜப்பானிய அமெச்சூர்கள். அங்கே 'டோஜின்' என்பார்கள். பதிப்பகமோ கம்பெனியோ இல்லாமல், ஒத்த ருசியுள்ள நாலு பேர் கூடித் தங்கள் கைக்காசில் செய்து தாங்களே விற்கும் பழக்கத்துக்கு அந்தப் பெயர். ஒரு படைப்பைப் பிடித்திருந்தால் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. மூன்று பொழுதுபோக்குகளையும் கட்டும் கயிறு அந்த விதிதான்.

1983 ஆகஸ்டில் ஒசாகாவில் டைகான் 4 என்ற அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதன் தொடக்க விழாவுக்காக மாணவர்களும் ரசிகர்களும் கூடிச் சில நிமிடங்கள் ஓடும் ஒரு அனிமே செய்தார்கள். முயல் காதுகள் வைத்த பெண் ஒருத்தி பறக்கும் வாள்மீது நின்று ஊரைச் சுற்றுகிறாள். பின்னணியில் ஓடுவது பிரிட்டனின் எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா ராக் குழு 1981இல் வெளியிட்ட 'ட்வைலைட்'. பாட்டுக்கு உரிமம் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை. அதனாலேயே அந்தப் படம் முறையாகக் கடைக்கு வராமல் கைக்குக் கை மாறியே புகழ் பெற்றது. அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஹிதெயாகி அன்னோ, பின்னாளில் 'எவாஞ்சலியன்' எடுத்தவர். இந்தக் கூட்டம்தான் 1984இல் கைனாக்ஸ் நிறுவனமானது. கைனாக்ஸ் படம் மட்டும் எடுத்துப் பிழைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1991இல் அவர்கள் வெளியிட்ட 'பிரின்சஸ் மேக்கர்' கணினி ஆட்டமும் அதைப் போன்ற மென்பொருள்களும் அடுப்பை எரிய வைத்தன. அனிமே, ராக், மென்பொருள் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு இதைவிடப் பழைய, தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இவர்களுக்கெல்லாம் சந்தை காமிகெட். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரானொமொன் பகுதியில் 32 குழுக்களோடும் சுமார் 700 பார்வையாளர்களோடும் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள், பெண்களுக்கான மாங்கா வாசகிகள். கண்ணாடி போட்ட ஆண் பிள்ளையை மட்டும் இந்தத் துறையின் முகமாகக் காட்டும் கட்டுரைகள் இந்தச் சின்ன உண்மையை வசதியாக மறந்துவிடுகின்றன. இன்று டோக்கியோ பிக் சைட் அரங்கில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. நம் புத்தகக் கண்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் பெரும்பாலும் எழுதியவரே உட்கார்ந்திருப்பார்.

2002 ஆகஸ்டில் நடந்த 62ஆவது காமிகெட்டை இந்த வரலாற்றில் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் தேதி 'ஹிகுராஷி' என்ற கதையாட்டத்தின் முதல் பகுதி விற்பனைக்கு வந்தது. எழுதியவர் ரியுகிஷி07 என்ற புனைபெயர்க்காரர், அப்போது அரசு ஊழியர். மறுநாள் ஜுன் என்பவரின் தோஹோ வரிசையில் விண்டோஸுக்கான முதல் ஆட்டம் வந்தது. இரண்டிலும் படம் சுமார்தான். ரியுகிஷி07 வரைந்த கைகளைப் பார்த்தால் பனியுறை மாட்டியதுபோல இருக்கும். ஆனால் 'ஹிகுராஷி' 2006இல் தொலைக்காட்சி அனிமே ஆனது. தோஹோவோ தனி உலகமாகவே விரிந்தது.

ஜுன் கோட் எழுதினார், படம் வரைந்தார், கதை எழுதினார், இசை அமைத்தார். தன் இசைக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஆட்டம் செய்யத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1990களின் பிற்பாதியில், கல்லூரி நாட்களில், என்.இ.சி. நிறுவனத்தின் பிசி-98 கணினிக்கு ஐந்து ஆட்டங்கள் செய்தார். அந்தக் கணினியில் இசை அமைப்பதும் கோட் எழுதுவதும் ஏறக்குறைய ஒரே வேலை. எம்.எம்.எல். என்ற முறையில் ஸ்வரங்களை எழுத்துகளாகவே தட்டச்சு செய்ய வேண்டும். சி, டி, ஈ என்பவை ஸ்வரம், பக்கத்தில் வரும் எண் காலப்பிரமாணம், ஓ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் ஸ்தாயி. நம் பாட்டு வாத்தியார் நோட்டில் ஸ ரி க ம எழுதிக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதேதான். அதை கம்பைல் செய்தால் யமஹா சில்லு பாடும். ஒரே நேரத்தில் ஆறு எஃப்.எம். குரல்களுக்குமேல் கிடையாது. கிதார், பேஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்க வேண்டும். தோஹோ பாடல்களில் மெட்டு அவ்வளவு அழுத்தமாகவும் அவ்வளவு வேகமாகவும் ஓடுவதற்கு அந்த இடநெருக்கடியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தோஹோ ஆட்டத்தின் உயிர் குண்டு மழை. 360 பாகையை 32ஆல் வகுத்தால் 11.25. அந்த இடைவெளியில் 32 குண்டுகளை ஒரே வேகத்தில் விட்டால் விரியும் வளையம் கிடைக்கும். அடுத்த வளையத்தை 3 பாகை தள்ளித் தொடங்கினால் சுருள். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டால் திரை முழுக்கப் பூ விரியும், அதற்குள் நீங்கள் உயிர் பிழைக்க இடம் தேட வேண்டும். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் சைன், கோசைன் படித்து எரிச்சலடைந்த எவருக்கும் இதைக் காட்டலாம்.

'பேட் ஆப்பிள்' அந்த ஐந்து பிசி-98 ஆட்டங்களில் ஒன்றான 1998 ஆட்டத்தின் மூன்றாம் கட்டப் பின்னணி இசை. சொற்கள் இல்லாத மெட்டு. ஜுன் தன் பாத்திரங்களையும் இசையையும் ரசிகர்கள் எடுத்தாள அனுமதித்திருந்தார். 2007இல் அல்ஸ்ட்ரோமேரியா ரெக்கார்ட்ஸ் என்ற டோஜின் இசைக்குழு அதற்குச் சொற்கள் சேர்த்து, நொமிகோ என்ற பாடகியைப் பாடவைத்து, நடனமேடைக்கு ஏற்ற பாட்டாக்கியது. 2008இல் ஒரு ரசிகர், இப்படி ஒரு படம் வந்தால் எப்படி இருக்கும் என்று காட்சிக் கோடுகளை மட்டும் கிறுக்கி, யாராவது வரையுங்கள் என்று கேட்டு நிக்கோ நிக்கோ டோகா என்ற காணொளித் தளத்தில் போட்டார். 2009 அக்டோபரில் இன்னொருவர் நிழல் படமாகச் செய்து ஏற்றினார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்திருக்கிறார். கூலி பேசியவர் யாரும் இல்லை.

இனி என் கதை. சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கணினிப் பலகையும், ஒரு ரூபாய் நாணய அகலத்தில் ஓர் ஓ.எல்.இ.டி. திரையும் வாங்கினேன். திரையில் 128க்கு 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எரியும் அல்லது அணையும், அவ்வளவுதான். ஆக ஒரு சட்டகத்துக்கு 8,192 பிட், அதாவது 1,024 பைட். யூனோவின் வேலை நினைவகம் மொத்தமே 2,048 பைட். ஒரே ஒரு படம் பாதி வீட்டை அடைத்துக்கொள்கிறது. விநாடிக்குப் பத்துச் சட்டகம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் முழுப் படத்துக்கு 22 லட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். பலகையில் நிரலை வைக்கும் இடமோ 32 கிலோபைட். சரி, எஸ்.டி. கார்டில் வைத்துப் படிக்கலாம் என்றால், கார்டைப் படிக்கும் லைப்ரரி தனக்கு 512 பைட் கேட்கிறது. மீதி 512இல் மற்ற எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். முதல் இரண்டு ராத்திரி திரை இருண்டே கிடந்தது. கம்பி இணைப்பைச் சந்தேகித்தேன், கடைக்காரரைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் நினைவகம் நிரம்பி வழிந்திருக்கிறது.

தப்பிக்க வழி படத்திலேயே இருந்தது. மூல காணொளி 4:3 விகிதம். 64 புள்ளி உயரத்துக்கு 85 புள்ளி அகலம் போதும், இரண்டு பக்கமும் கருப்பாகவே இருக்கட்டும். சட்டகம் 680 பைட்டாகச் சுருங்கியது. படம் ஓடியது, ஆனால் நொண்டியது. திரைக்குப் போகும் ஐ2சி கம்பி வழக்கமாக 100 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதை 400 ஆக்க ஒரே வரி போதும். அந்த வரியைச் சேர்த்தபோது துடைப்பக்காரி உண்மையாகவே பறந்தாள். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவியில் பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரியாதா என்று கேட்டார்கள்.

அனிமே ரசிகர்கள் பொம்மை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. ஜப்பானியத் தொடர்களுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் தாங்களே சப்டைட்டில் போட்டுப் பரப்பியது பதிப்புரிமைப்படி குற்றம். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலைக்காகக் கருவி தேடியவர்கள் வீடியோ மென்பொருளின் தரத்தையே உயர்த்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு அப்படியே பிடித்துவைப்பது வழக்கம். மாலை வானம் போன்ற வழுவழுப்பான நிறப்பரப்புகளும் அதிகம். எக்ஸ்264 என்ற இலவச என்கோடரில் அனிமேஷனுக்கென்றே தனி அமைப்பு உண்டு. முந்தைய சட்டகங்களை அது கூடுதலாகத் திரும்பிப் பார்க்கும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் என்பதால் அந்த வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 2011 வாக்கில் ரசிகர் குழுக்கள் 10 பிட்டுக்கு, அதாவது 1,024 படிகளுக்கு, மாறின. அன்றைய டிவிடி பெட்டிகளும் போன்களும் அதைத் திறக்கவே திணறின. எவனாவது திட்டட்டும், வானம் வானமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அவர்கள் பக்கம்.

ராக்குக்கு வருவோம். 2007 ஆகஸ்ட் 31இல் யமஹாவின் வோகலாய்டு நுட்பத்தில் கிரிப்டன் நிறுவனம் ஹட்சுனே மிகு என்ற குரல் மென்பொருளை விற்பனைக்கு விட்டது. பாடகி இல்லாத பையன்களுக்கு ஒரு பாடகி கிடைத்தாள். மூச்சு வாங்காத குரல் என்பதால் மனிதர் பாட முடியாத வேகத்தில் சொற்களை அடுக்கினார் வொவாகா என்ற இசையமைப்பாளர். அதே வேகத்தோடு ஹிடோரியே என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கி மேடையேறினார்; 2019இல் 31 வயதில் இறந்துபோனார். ஹாச்சி என்ற பெயரில் வோகலாய்டு பாட்டு போட்ட கென்ஷி யொனெசு இன்று ஜப்பானின் முன்னணிப் பாடகர். மென்பொருளில் பாட்டு செய்து பழகியவர்கள் ஒரு நாட்டின் ராக் இசையின் நடையை மாற்றியது சின்ன விஷயமில்லை. நம் விமரிசகர்கள் இதை இன்னும் பொம்மைப் பாட்டு என்று ஒதுக்குவது சோம்பல்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. 1998இல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின்', கணினி வலைக்குள் கரையும் ஒரு சிறுமியின் கதை. தலைப்புப் பாட்டு போவா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுடையது. கதைக்குள் ஒரு கையடக்கக் கருவியின் திரையில் உண்மையான லிஸ்ப் நிரல் ஓடுகிறது. 2022இல் வந்த 'போச்சி தி ராக்!' இன்னும் நெருக்கம். அதன் நான்கு நாயகிகளின் குடும்பப் பெயர்களும் ஆசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் என்ற ராக் குழுவின் நால்வருடையவை. கதைநாயகி கூச்ச சுபாவி. படுக்கை அடுக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து கிதார் வாசித்து, 'கிதார்ஹீரோ' என்ற புனைபெயரில் இணையத்தில் ஏற்றுகிறாள். நேரில் யாரோடும் நாலு வார்த்தை பேச வராது. கிதாரை எடுத்துவிட்டுக் கீபோர்டைக் கொடுத்தால், புனைபெயரில் கோட் போடும் ஆயிரம் பேரின் கதை அதுதான்.

குறையும் சொல்லியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் அதே 'பேட் ஆப்பிள்' என்பது ஒரு கட்டத்தில் அலுப்பு. புது மெட்டுப் போடுகிறவர்களைவிடப் பழைய மெட்டைப் புதுச் சில்லில் ஏற்றுகிறவர்களே அதிகம், நான் உட்பட. என் பலகையில் படம் மட்டும்தான் ஓடுகிறது, பாட்டு வரவில்லை. ஒலிக்கு நினைவகத்தில் இடம் பிடிக்க எனக்குத் தெரியவில்லை. கோட் மொத்தம் 140 வரி. வேண்டும் என்பவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன். யாராவது பாட்டைச் சேருங்கள்.