ஜிப்புக்குள் போன மூலநிரல்: யார்னின் பிளக் அன் பிளே முறை

யார்ன் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பயன்படுத்தும் ஒரு பொதி மேலாளர். பேஸ்புக் நிறுவனம் கூகுள் முதலியவற்றோடு சேர்ந்து 2016 அக்டோபரில் இதை வெளியிட்டது. 2020 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் 'பிளக் அன் பிளே' என்னும் முறை இயல்பிருப்பானது. அதற்கு முன்பு ஒரு திட்டத்துக்கு வேண்டிய பொதிகள் 'நோட் மாட்யூல்ஸ்' என்ற அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகளாக விரிந்து கிடந்தன. புதிய முறையில் ஒவ்வொரு பொதியும் ஒரு ஜிப் கோப்பு. எது எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு வரைபடக் கோப்பு சொல்லும்.

இதில் நன்மை உண்டு. நிறுவுதல் விரைவாக முடிகிறது. சார்புப் பட்டியலில் எழுதாத பொதியை நிரல் எடுத்துப் பயன்படுத்தினால் உடனே பிழை காட்டுகிறது. பழைய முறை இதைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் வந்த தொல்லைகள் கொஞ்சமல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நிரல் ஓடும்போது வரைபடக் கோப்பு முதலில் ஏறி, கோப்பு வாசிக்கும் செயற்கூறுகளையே மாற்றி அமைக்கிறது. ஆகவே நோட் சூழலுக்கு ஜிப் ஒரு சாதாரண அடைவாகத் தெரிகிறது. நிரல் திருத்திக்கு அந்த வசதி கிடையாது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஒரு செயற்கூற்றின் பெயரில் நின்று 'வரையறைக்குச் செல்' என்றால், திருத்தி வட்டில் இல்லாத ஒரு பாதையைத் தேடுகிறது. சில பொதிகளுக்கு யார்ன் தரும் பாதையே கற்பனையானது. அப்படி ஓர் அடைவு எங்கும் இராது.

தீர்வு உண்டு என்பார்கள். திருத்திக்கான இணைப்புக் கோப்புகளை யார்ன் மூலம் உருவாக்க வேண்டும். ஜிப் கோப்புகளைத் திறக்கும் நீட்சியை நிறுவ வேண்டும். பிறகு டைப்ஸ்கிரிப்டின் பணியிடப் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் வேலை நடக்காது. எல்லாம் செய்த பின்னும் திருத்தியின் கோப்புத் தேடல் ஜிப்புக்குள் நுழையாது. பொதிக்குள் ஒரு வரி சேர்த்துச் சோதித்துப் பார்க்க விரும்பினால் 'அன்பிளக்' அல்லது 'பேட்ச்' கட்டளை தேவை.

சுருக்கி வைத்ததுதான் குற்றமா? அல்ல. ஜாவாவின் ஜார் கோப்பும் ஜிப்தான். எக்லிப்ஸும் இன்டெலிஜேயும் அதற்குள் இயல்பாகச் சென்று வருகின்றன. ஜார் அந்த மொழிச் சூழலின் பொது வழக்கம் என்பதே காரணம். யார்னோ ஜாவாஸ்கிரிப்ட் உலகம் முழுவதும் நம்பியிருந்த வழக்கத்தைத் தனியாக மாற்றிவிட்டு, ஒத்துப்போகும் பாரத்தைத் திருத்திகளின் மேல் வைத்தது. ஜெட்பிரெயின்ஸ் அந்தப் பாரத்தை ஏற்றது. மற்றவற்றுக்கு ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. பிஎன்பிஎம் என்னும் இன்னொரு மேலாளரோ, கோப்புகளை ஒரே சேமிப்பில் வைத்து இணைப்புகள் வழியாகப் பகிர்ந்து இடத்தை மிச்சப்படுத்துகிறது. அங்கே கோப்பு கோப்பாகவே இருக்கிறது. எனக்கு இதுவே முறையாகப் படுகிறது.

அனுபவமுள்ள நிரலாளருக்கு இது அரைமணி நேர எரிச்சல். கற்பவருக்கு அப்படியல்ல. பிறர் எழுதிய நிரலைத் திறந்து படிப்பது நிரலாக்கம் பயில்வதற்கான பெரிய வழி. ஒரு நூலகத்தில் அலமாரிகளைப் பூட்டிவிட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தால் புத்தகம் வரும் என்றால், தேவையான புத்தகம் கிடைக்கும். கை தற்செயலாக எடுக்கும் புத்தகம் கிடைக்காது. வரையறை திறக்காதபோது மாணவர் பொதுவாகத் தம் நிரலில்தான் பிழை என்று நினைத்துக்கொள்கிறார்.

பயிற்சித் திட்டங்களில் யார்னின் அமைப்புக் கோப்பில் 'நோட் லிங்கர்' என்ற அமைப்புக்கு 'நோட் மாட்யூல்ஸ்' என்னும் மதிப்பைக் கொடுத்து மீண்டும் நிறுவலாம். பொதிகள் பழையபடி அடைவில் விரிந்துவிடும்; திருத்திக்கு வேறெந்த நீட்சியும் வேண்டாம்.