வடலி

தெல்லிப்பழையிலிருந்து மயிலிட்டிக் கரைக்குப் போகும்போது என் கண் தேடுவது வடலிகளை, இளம் பனைகளைத்தான். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, இந்தக் கரை உயர் பாதுகாப்பு வலயமானது. யாழ்ப்பாணத்துப் பனைகள் போரில் கொஞ்சமா அழிந்தன! செல் பட்டுத் தலை இழந்தவை ஒருபுறம், பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவை மறுபுறம். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் விடுபட்டது.

பனங்கொட்டையின் முதல் முளை வானத்தைப் பார்ப்பதில்லை. நேரே மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகத் திரளும். பாத்தியில் கிண்டி எடுத்து நாங்கள் அவித்துத் தின்பதும், ஒடியலாகக் காயவிடுவதும் அதைத்தான். கிண்டாமல் விட்டால் வடலி. ஆழ ஓடிய வேரைக் கிளப்பி வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையை ஊன்ற வேண்டும். பல வருடங்களுக்கு அடிமரமே தெரியாது, ஓலை மட்டும் விரியும். ஆணா பெண்ணா என்பது பாளை தள்ளும்போதுதான் தெரியும். அதற்கு 12, 15 வருடம்கூட ஆகும். அவ்வளவு பொறுமையுள்ள நடுகை இது என்பதே எனக்குப் பிடித்தது.

தண்ணீர் கேட்காது. சின்ன வடலியை மாடும் நெருப்பும் அண்டாமல் பார்த்தால் போதும். உப்புக்காற்றடிக்கும் இந்தச் சுண்ணக்கல் தரையில், காணி திரும்பக் கிடைத்தவர்கள் எல்லையோரம் முதலில் ஊன்ற வேண்டியது பனங்கொட்டைதான்.